பாட்டினால் எழுந்த கலாசாலை

ஒரு கலாசாலை நிலைபெறுவதற்குப் பொருள் இன்றியமையாதது என்பது யாவரும் ஒப்பும் உண்மை. அப்பொருளை அரசினர் அளிப்பதுண்டு. தனவான்கள் அறமாக வழங்குவதுண்டு. ஊரார் வீடுதோறும் பிடியரிசி திரட்டிச் சேர்ப்பதும் உண்டு. ஆயின், கையில் ஒரு காசும் இல்லாதவரும், நேற்றுவரை பிறர் உடைமையாக விற்கவும் வாங்கவும் பட்டவருமான ஒரு மக்களின் பிள்ளைகள், தம் குரலையே முதலாக வைத்து ஊர் ஊராகப் பாடித் தாம் பயின்ற பள்ளியை வீழாமற் காத்தனர் என்னும் செய்தி கேட்பார்க்கு வியப்பளியாமற் போகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் சர்வகலாசாலையின் யூபிலி பாடகர் குழுவினையே ஈண்டுக் குறிக்கின்றோம். 1871-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பெயர் 150 ஆண்டுகளைக் கடந்தும் இன்றளவும் விளங்கி வருகின்றது. பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் நடத்த முயலும் எச்சமூகத்தார்க்கும் இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்கத் தக்கன சில உள. ஆதலின் அதனை முறையே எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பள்ளியின் தோற்றம்

அந்நாட்டின் தென் மாகாணங்களில், ஆப்பிரிக்காவினின்று கொணரப்பட்ட மக்களும் அவர்தம் வழியினரும் இருநூறாண்டுகளுக்கு மேல் அடிமைகளாய் உழன்றனர். தாய் ஓரிடத்தும் சேய் ஓரிடத்துமாக ஏலத்தில் விற்கப்படுதல் அவர்கள் வாழ்வில் அன்றாட அச்சமாயிருந்தது. அடிமைகட்கு எழுத்தறிவித்தல் குற்றம் என்று தென் மாகாணங்கள் பல சட்டமும் இயற்றியிருந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 டிசம்பரில், அந்நாட்டு அரசியற் சட்டத்தின் பதின்மூன்றாந் திருத்தம் இக்கொடுமையைச் சட்டத்தளவில் ஒழித்தது.

விடுதலை பெற்றோர் முதற்கண் நாடியவற்றுள் ஒன்று கல்வி. 1866 ஜனவரி 9-ல், ஜான் ஆக்டன், எராஸ்டஸ் கிராவத், எட்வர்டு ஸ்மித் என்னும் மூவர், அமெரிக்க மிஷனரி சங்கத்தின் ஆதரவில் நாஷ்வில் நகரில் ஒரு பள்ளியைத் திறந்தனர். போர்க்காலத்தில் படையினர்க்கு ஆஸ்பத்திரியாயிருந்த மரக் கொட்டகைகளே பள்ளிக்கூடம். அதனைப் பெறுதற்கு உதவிய கிளின்டன் பிஸ்க் என்னும் தளபதியின் பெயரே பள்ளிக்கு இடப்பட்டது. ஏழு வயதுச் சிறாரும் எழுபது வயது முதியோரும் ஒருங்கே வந்து எழுத்துப் பயின்றனர். அந்நகரத்து அடிமைச் சந்தையிற் கிடந்த துருவேறிய விலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பாக விற்று, அவ்விலையில் எழுத்துப் புத்தகங்கள் வாங்கினர் என்று அப்பள்ளி வரலாறு கூறுகின்றது. கால்களைப் பிணித்த இரும்பு கண்களைத் திறக்கும் ஏடாக மாறியது!

1867-ல் அப்பள்ளி சர்வகலாசாலையாகப் பதிவு பெற்றது. எனினும் பெயர் உயர்ந்ததேயன்றிச் செல்வம் உயரவில்லை. மரக் கொட்டகைகள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போயின. பனிக்காலத்தில் சுவர்ப் பிளவுகளின் வழியே காற்று புகுந்து மாணவரை வருத்தியது. உணவும் போதவில்லை, கடனோ நாள்தோறும் வளர்ந்தது. 1871 அளவில் பள்ளியை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலை வந்தெய்தியது.

பொக்கிஷதாரரும் மாணவியும்

பள்ளியின் பொக்கிஷதாரராயிருந்தவர் ஜார்ஜ் ஒயிட் என்பவர். இவர் வெள்ளையர்; கொல்லர் ஒருவரின் மைந்தர்; வடநாட்டுப் படையிற் சேர்ந்து போர் புரிந்தவர். சங்கீதத்தில் இவர்க்கிருந்த ஆர்வம் மிகப் பெரிது. பள்ளிக் கணக்கைப் பார்த்த நேரம் போக எஞ்சிய பொழுதில் மாணவர்க்குப் பாட்டுக் கற்பித்து வந்தார்.

இவர்க்கு வலக்கையாய் விளங்கியவர் எல்லா ஷெப்பர்டு என்னும் இளம்பெண். 1851-ல் நாஷ்வில்லில் அடிமையாகப் பிறந்த இவரை, முன்னரே விடுதலை பெற்றிருந்த இவர் தந்தையார் விலைகொடுத்து மீட்டனர். தாயாரை மீட்க இயலவில்லை. அவர் வேறு மாகாணத்திற்குக் கொண்டுபோகப்பட்டார். சின்சினாட்டி நகரில் பியானோ பயில விரும்பிய இப்பெண்ணுக்கு ஆசிரியர் ஒருவர் கற்பிக்க இசைந்தார். ஆயினும் தாம் கற்பிப்பதைப் பிறர் அறியலாகாது என்றும், இரவு ஒன்பது மணிக்குப் பின்வாசல் வழியாகவே வருதல் வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். இவ்விழிவையும் பொறுத்துக் கற்ற ஷெப்பர்டு அம்மை, 1868-ல் ஆறு டாலர் கையிருப்புடன் பிஸ்க் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அத்தொகை மூன்று வாரச் செலவுக்கே போதுமானது. பின்னர்ச் சங்கீதம் கற்பித்துத் தம் படிப்புச் செலவைத் தாமே ஈட்டினார். அப்பள்ளியின் ஆசிரியக் குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பின உறுப்பினர் இவரே.

மாணவருள் நல்ல குரலுடையாரைத் தெரிந்து வெளியூர்களிற் பாடச் செய்து, கிடைக்கும் பொருளால் பள்ளியைக் காப்பாற்றலாம் என்பது ஒயிட்டின் எண்ணம். மிஷனரி சங்கத்தார் இதற்கு இசையவில்லை. பெற்றோர் அஞ்சினர். பொருளை இழந்து வழியில் நின்றால் யார் காப்பார் என்று ஆசிரியருட் சிலரும் தடுத்தனர். ஒயிட் பின்வாங்கவில்லை. பெட்டியில் எஞ்சியிருந்த சிறு தொகையுடன் கடனும் வாங்கிக்கொண்டு, 1871 அக்டோபர் 6-ல் ஒன்பது மாணவருடன் நாஷ்வில்லை விட்டுப் புறப்பட்டார். ஒன்பதின்மருட் பெரும்பாலார் அடிமையாய்ப் பிறந்தவர். மின்னி டேட் என்னும் மிக இளையவளுக்கு வயது பதினான்கே.

அவர்களுள் பெஞ்சமின் ஹோம்ஸ் என்பவர் சிறுவயதில் சார்ல்ஸ்டன் நகரத் தெருக்களில் ஏவற் பணிக்கு ஓடும்போது, கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்தறிந்தவர். அடிமை வாணிகரின் கொட்டடியில் அடைபட்டிருந்த நாளில், லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அடங்கிய பத்திரிகையைப் பெற்று, உடனிருந்தோர் கேட்க உரக்கப் படித்தார் என்பர். இத்தகையோரே அக்குழுவினர்.

மறைத்துவைத்த செல்வம்

ஈண்டு நேயர்கள் ஒன்றனை ஊன்றி நோக்குதல் வேண்டும். இக்குழுவினர் முதலில் மேடையேறிப் பாடியவை தம் முன்னோர் பாடல்கள் அல்ல. அக்காலத்து வெள்ளையர் சபைகளில் வழங்கிய கீதங்களையே அவர்கள் பயின்று பாடினர். தம் தாயரும் பாட்டியரும் பருத்திக் காட்டிலும் இரவுத் தொழுகையிலும் பாடிய பாடல்களை அவர்கள் அறிவர். ஆயினும் அவற்றை அந்நியர் முன் பாட நாணினர். அவை அடிமை வாழ்வின் தழும்புகள், மறக்கத்தக்கவை என்று சிலர் எண்ணினர். பெற்றோர் கண்ணீரோடு கலந்த அப்புனிதப் பாடல்களைக் காசு கொடுத்து வந்தோர் நகைப்புக்கு உள்ளாக்கலாகாது என்று வேறு சிலர் எண்ணினர். ஒயிட்டின் இல்லத்தில் கதவை அடைத்துக்கொண்டு, தரையில் அமர்ந்து, மெல்லிய குரலில் அவற்றைப் பாடிக்காட்டுவதே முதலில் நிகழ்ந்தது. ஷெப்பர்டு அம்மை அவற்றைச் சேகரித்து ஒழுங்குபடுத்துவதில் முன்னின்றார்.

அவர்கள் நாணியதற்குத் தக்க காரணமும் இருந்தது. முகத்திற் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் பரிகசித்து ஆடிப் பாடும் வெள்ளைக் கூத்தர்களின் காட்சிகள் அந்நாளில் நாடெங்கும் பெருகியிருந்தன. கறுப்பினத்தார் மேடையேறினால் அத்தகைய கோமாளிக் கூத்தையே காணலாம் என்று ஜனங்கள் எதிர்பார்த்தனர்.

இனி அப்பாடல்களின் இயல்பைச் சிறிது கூறுவோம். நம் நாட்டு ஏற்றப்பாட்டிலும் நடவுப்பாட்டிலும் ஒருவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, ஏனையோர் சேர்ந்து ஏற்றுப் பாடுவது போன்றே, அவற்றிலும் முன்பாட்டும் பின்பாட்டும் உண்டு. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. பல பாடல்கள் ஐந்து சுரங்களுக்குள் அமைவன. வாத்தியம் வேண்டுவதில்லை, கைத்தட்டும் காலசைவுமே தாளம். விவிலியக் கதைகளே பொருளாயினும், உள்ளே மற்றொரு பொருள் கரந்து நிற்றலும் உண்டு. யோர்தான் நதியைக் கடத்தல் என்பது மறுமையை மட்டும் குறிப்பதன்று. அடிமையில்லாத நாட்டை அடைவதையும் குறிக்கும். எசமானர் அறியாமல் கூடுதற்கு இப்பாடல்களுட் சில குறியாகவும் பயன்பட்டன என்ப. எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு இப்பாட்டே ஏடும் எழுத்தாணியுமாய் நின்றது.

யூபிலி என்னும் பெயர்

பயணத்தின் தொடக்கம் துன்பம் நிறைந்ததாயிருந்தது. தங்கும் விடுதிகளில் நிறம் காரணமாக இடம் மறுத்தனர். புகைவண்டி நிலையங்களில் இழிவு செய்தனர். சின்சினாட்டி நகரில் நடந்த கச்சேரியில் ஐம்பது டாலரும் தேறவில்லை. அவ்வமயம் சிகாகோ நகரம் பெருந்தீயால் அழிந்தது என்னும் செய்தி வந்தது. தாம் உண்ண வழியின்றி நின்ற அப்பிள்ளைகள், கிடைத்த அச்சிறு தொகையைத் தீயில் வீடிழந்தோர்க்கு அளித்துவிட்டனர். பொருளுடையார் செய்யும் ஈகையினும் இவ்வீகை எத்துணை உயர்ந்தது என்பதை நேயர்களே நிதானித்துக் கொள்க.

ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் மனந்தளர்ந்திருந்த குழுவினர்க்கு ஒயிட் ஒரு பெயர் சூட்டினார். யூதர்களின் பழைய நியமப்படி ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு எனப்படும். அவ்வாண்டில் அடிமைகள் விடுதலை பெறுவர். இழந்த காணி உரியவரிடம் மீளும். அடிமைத்தளை அறுந்த மக்களின் பிள்ளைகட்கு இதனினும் பொருந்திய பெயர் யாதுளது? அன்று முதல் அவர்கள் யூபிலி பாடகர் ஆயினர்.

பெயருடன் வழியும் மாறியது. 1871 நவம்பரில் ஓபர்லின் நகரில் கூடிய குருமார் பேரவையின் முன்னர், "ஸ்டீல் அவே" என்னும் தம் முன்னோர் பாடலை அவர்கள் மிக மெல்லிய குரலில் தொடங்கினர். உரையாடிக்கொண்டிருந்த சபை அடங்கியது. ஒருவர் குரல் மற்றவர் குரலின் மேலெழாமல், எல்லாம் ஒரு குரலாய் இழைதல் வேண்டும் என்பதே ஒயிட் அவர்க்கிட்ட பயிற்சி. ஆரவாரத்தை எதிர்பார்த்திருந்தோர் அந்த மென்மையைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தனர். முன்னோர் பாடல்கள் நிகழ்ச்சியின் ஓரத்தினின்று நடுவிடத்திற்கு வந்தன. டிசம்பரில் புரூக்ளின் நகரில் ஹென்றி வார்டு பீச்சர் என்னும் புகழ்பெற்ற குருவின் ஆலயத்தில் பாடியபின் அவர்கள் பெயர் வடநாடெங்கும் பரவியது. 1872-ல் ஜனாதிபதி கிராண்டின் முன்னிலையில் வெள்ளை மாளிகையிற் பாடினர். அவர்கள் பாடல்கள் அவ்வாண்டிலேயே சுரக்குறியுடன் அச்சாயின. முதற் சுற்றுப்பயணத்தில் பள்ளிக்குக் கிடைத்த தொகை 20,000 டாலர். அதனைக்கொண்டு பள்ளிக்குப் புதிய நிலம் வாங்கப்பட்டது.

கடல் கடந்த பயணமும் கட்டடமும்

1873-ல் குழுவினர் இங்கிலாந்து சென்றனர். விக்டோரியா மகாராணியார் அவர்கள் பாட்டைக் கேட்டனர். முதன்மந்திரி கிளாட்ஸ்டன் தம் இல்லத்திற்கு அழைத்து உபசரித்தனர். எட்மண்டு ஹாவெல் என்னும் ஓவியர் அக்குழுவினரைப் பெரிய திரையில் எழுதிய சித்திரம் பிஸ்க்கில் இன்றும் உள்ளது. அப்பயணத்தில் ஏறத்தாழ 50,000 டாலர் சேர்ந்தது. பின்னர் 1875 முதல் 1878 வரை நடந்த மூன்றாம் பயணத்தில் ஹாலந்து, ஜெர்மனி முதலிய நாடுகளிலும் பாடினர். மூன்று பயணங்களிலும் ஈட்டிய மொத்தம் ஏறக்குறைய 1,50,000 டாலர் என்பர்.

இப்பொருளால் எழுந்ததே ஆறடுக்குடைய யூபிலி மண்டபம். விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த ஜனவரி முதல் நாளின் நினைவாக, 1876 ஜனவரி 1-ல் அது திறந்து வைக்கப்பட்டது. தென்னாட்டில் கறுப்பின மக்களின் கல்விக்கெனக் கட்டிய முதல் நிலையான கட்டடம் எனப் போற்றப்படும் அம்மண்டபம், 1974-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது. 1888-ல் அங்குப் பட்டம் பெற்ற பேரறிஞர் டுபாய்ஸ், 1903-ல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் இறுதி அதிகாரத்தை இப்பாடல்களின் ஆராய்ச்சிக்கே உரியதாக்கினார். இம்முயற்சியைக் கண்டு வர்ஜீனியாவிலுள்ள ஹாம்ப்டன் கலாசாலையும் 1873-ல் தன் மாணவர் குழுவை அனுப்பிப் பொருளீட்டியது.

பாடியோர் கொடுத்த விலை

நிற்க. இத்துடன் முடிப்பின் வரலாறு இனிதாகவே இருக்கும், ஆனால் முழுமையாகாது. பள்ளியைக் காக்கப் புறப்பட்ட அம்மாணவர்களின் படிப்பு என்னாயிற்று? ஆண்டுக்கணக்காக இரவுதோறும் பாடியும் பகல்தோறும் பயணம் செய்தும் உழைத்தமையால், அவர்களுட் பலர் தாம் காத்த பள்ளியிலேயே படிப்பை முடித்துப் பட்டம் பெறும் பேற்றை இழந்தனர். சிலர் குரல் கெட்டது. சிலர் உடல் நலிந்தது. பெயர்ப்பலகையில் எழுத்தறிந்த பெஞ்சமின் ஹோம்ஸ் காசநோயால் இளவயதிலேயே மறைந்தார். ஒயிட்டும் கடுநோய்ப்பட்டார். பயணம் நீள நீள, ஓய்வின்றிப் பாடுவித்தல் பற்றியும் ஊதியம் பற்றியும் குழுவினுள் மனவேறுபாடுகளும் தோன்றின. 1878-ல் களைப்பு மிகுந்து அம்முதற் குழு கலைந்தது. ஷெப்பர்டு அம்மை, பிரிந்துபோன தாயாரைத் தேடிக் கண்டு, நாஷ்வில்லுக்கு அழைத்துவந்து தம்முடன் வைத்துப் பேணினார் என்பது மட்டும் நம் மனத்துக்கு ஆறுதல் தருவதாகும்.

அதன்பின் பிரெடரிக் லௌடின் என்பவர் குழுவைத் தம் பொறுப்பில் ஏற்று நடத்தினார். இவர் பிறப்பிலேயே சுதந்தரர். எனினும் இளமையில், தாம் உறுப்பினராயிருந்த ஆலயத்தின் பாடற்குழுவில் நிறம் காரணமாக இடம் பெறாதவர். அங்ஙனம் தள்ளப்பட்டவர் 1884 முதல் 1890 வரை ஆறாண்டுகள் உலகைச் சுற்றிப் பாடி வந்தார். ஆஸ்திரேலியா, நியூஜீலந்து முதலியவற்றிற்குப் பின் அக்குழு நம் இந்திய நாட்டிற்கும் வந்தது. ஆக்ராவில் தாஜ்மகாலிலும் அவர்கள் பாடினர். நம் நாட்டின் அப்பளிங்கு மண்டபமும் அடிமைகளின் பாடலைக் கேட்டிருக்கின்றது என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் உருகுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிஸ்க் கலாசாலையிலேயே இப்பாடல்களின் மீது பழைய நாணம் மீண்டும் தலைகாட்டியது. கற்றவர்க்கு இவை தகா என்று கருதிய மாணவரும் இருந்தனர். அந்நிலையில் ஜான் வெஸ்லி ஒர்க் என்னும் ஆசிரியர் குழுவைப் புதுப்பித்து, பாடல்களைத் தேடித் தொகுத்து, அவற்றின் பெருமையை மாணவர்க்கு உணர்த்தினார். 1909-ல் அவரை உள்ளிட்ட நால்வர் "ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்" என்னும் பாடலை விக்டர் கம்பெனியின் இசைத்தட்டிற் பதிவு செய்தனர். அப்பதிவு 2002-ல் அந்நாட்டுத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம் பெற்றது.

பிற்காலத்தில், 1994 முதல் 2022-ல் தாம் மறையும்வரை குழுவை நடத்திய பால் குவாமி, ஆப்பிரிக்காவின் கானா நாட்டிற் பிறந்து பிஸ்க்கில் வந்து பயின்றவர். விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டோர் பாடல்களை, அவர்தம் பழைய தாயகத்து மைந்தர் ஒருவர் வந்து கற்பித்த விந்தையை என்னென்பது! 2008-ல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கமும், 2021-ல் கிராமி விருதும் இக்குழுவுக்குக் கிடைத்தன. அக்டோபர் 6-ஆம் நாள் யூபிலி நாளாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகின்றது.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்று இரண்டு கருத்துக்கள் நமக்குப் புலனாகின்றன. முன்னோர் பட்ட இழிவை நினைந்து அவர்கள் வைத்துப்போன செல்வத்தையும் உடன் புதைத்துவிடுதல் அறியாமை என்பது ஒன்று. இழிவு, அடிமைப்படுத்தினோர்க்கு உரியது. பாட்டு, பாடினோர்க்கு உரியது. பிஸ்க் மாணவர் பிறர் கீதங்களைப் பாடியபோது சிலரே கேட்டனர். தம் பாட்டியர் பாடலைப் பாடியபோது உலகம் செவிசாய்த்தது. நம் இல்லங்களிலும் முதுமகளிர் நாவில் எத்தனையோ தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாட்டும் எழுதப்படாமலே கிடக்கின்றன. படித்த பிள்ளைகள் அவற்றை நாணாது கேட்டு எழுதிவைப்பாராயின், அதுவே ஒரு கல்வித் தொண்டாகும்.

மற்றொன்று, ஒரு நிலையம் யாரால் நிற்கின்றது என்பதை மறவாமை. கட்டடங்களில் நன்கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறித்தல் நன்றே, அதனைக் குறைகூறோம். ஆயின் பிஸ்க் கலாசாலை யூபிலி மண்டபத்திற்குச் செல்வர் பெயரை இடாது, பாடிய பிள்ளைகளின் குழுப் பெயரையே இட்டது. எழுத்தறியாத நாளிற் பிறந்து, தம் படிப்பை விட்டுப் பிறர் படிப்பைக் காத்த அவ்விளைஞர்க்கு அவ்வளவேனும் நன்றி காட்டப்பட்டது. நம் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் தம் இளமையைச் செலவிட்டு உழைத்துப் பெயர் எழுதப்படாமற் போனோர் எவரெவர் என்பதை அந்தந்த ஊரார் தேடிக் குறித்து வைப்பாராக. இயலுமேல், அத்தகையோர் பிள்ளைகளின் கல்விக்கும் வழி செய்வாராக. கடன்பட்டோர் கடனை உணர்தலே அறத்தின் தொடக்கம் என்பது நம் துணிபு.